தலைமை வகித்தவர் டாக்டர்

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செத்தவர் பெயரில் பத்திரம் போட வந்தவர்கள் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். தாத்தாவின் கைநாட்டு, பெரியப்பாவின் கையெழுத்து என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். இறப்புச் சான்று எங்கே, வாரிசுச் சான்று எங்கே என்று நான் கேட்கிற தோரணையிலேயே பாதிப் பேர் நடையைக் கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், ஆறு வருடம் ஓர் இறந்த மனிதரைக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்க வைத்து, அதை என் கைப்பட நோட்டில் எழுதியும் வைத்தேன். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பு வந்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற வழியில், ஒரு கிளை வாய்க்காலை ஒட்டி எங்கள் இல்லம் இருந்தது. மனநலம் பாதிக்கப்பட்டு, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போன பெண்களுக்கான இடம். ஒன்பது பேர் இருந்தார்கள். கட்டியவர் ஒரு மனநல டாக்டர். வெளிநாட்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, பாகப்பிரிவினையில் தனக்கு வந்த நிலத்தை விற்று இல்லத்தைக் கட்டி, அறக்கட்டளை பெயரில் எழுதிவைத்தார். பத்திரம் பதிவானது எங்கள் அலுவலகத்தில். அன்றைக்கு என்னைப் பிடித்தவர் விடவே இல்லை. நான் ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டுக்கு வந்து, "சும்மாதானே இருக்கீங்க, வந்து செயலாளரா இருங்க" என்றார். சும்மா இருக்கத்தான் ஓய்வு பெற்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

செலவுக்குப் பணம், அவரோடு வெளிநாட்டில் வேலை பார்த்த பழைய நர்சுகள் சிலர் சேர்ந்து அனுப்புவது. வெளிநாட்டுப் பணம் என்றால் டெல்லியில் பதிவு வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நிர்வாகிகளில் ஆள் மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். பதிவு காலாவதியானால், கணக்கில் இருக்கிற பணத்தையும் தொடக்கூடாது. இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு புயல் வருடத்தில், எங்கள் பக்கத்திலேயே ஒருவர், கூரை பறந்த குடிசைகளைப் படம் பிடித்து அனுப்பியே தன் வீட்டுக்கு மாடி எடுத்தார். அந்த மாதிரி ஆட்களைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டாமா? கேட்கட்டும் என்றுதான் சொல்வேன். எங்களையும் ஒருநாள் கேட்பார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்து நடந்த முதல் கூட்டத்தில், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவருடைய படத்தை மனைவி வைத்திருந்தார். படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில்கூட இறந்துபோன பெரியவர் பெயரைத்தான் முதலில் போடுவோம். அதனால் எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நான் நோட்டைத் திறந்து, பழக்க தோஷத்தில் "தலைமை: டாக்டர்" என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்தால், அந்த அம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அடிக்க மனம் வரவில்லை. கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடும்போது தலைவருக்கான இடம் காலியாக இருந்தது. அந்த அம்மா எழுந்து போய், படத்துக்கு வைத்திருந்த சந்தனத்தில் விரலைத் தொட்டு, அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"இனிமே அவர் கையெழுத்து இதுதான் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். டாக்டரின் மனைவி, நான், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், அரிசி ஆலை முதலாளி ஒருவர். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த மற்ற இரண்டு அறங்காவலர்கள் வருவதில்லை, நாங்கள் நாலு பேரும் படத்துக்கு எதிரே உட்காருவோம். இழுபறி வந்தால், "டாக்டர் இருந்தா என்ன சொல்லுவார்?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிவு வந்துவிடும். நான் "தலைவர் ஒப்புதலுடன்" என்று எழுதுவேன். சந்தனப் பொட்டு விழும். உயிரோடு இருந்த காலத்தில்கூட மனிதர் இவ்வளவு ஒழுங்காகக் கூட்டத்துக்கு வந்ததில்லை என்று ஆலை முதலாளி சொல்வார், நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

டெல்லிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நான் இரண்டு மூன்று முறை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "அவர் பேர எடுத்துடணுமா? இப்பவே எடுக்கணுமா?" என்று கேட்பார். சரி, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். டாக்டரின் போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்து அலமாரியில் வைத்திருந்தார். டெல்லி இணையதளத்தில் எதைத் திறந்தாலும் ஓ.டி.பி. அந்த போனுக்குத்தான் வரும். ஒரு போன் போட்டால் எண்ணைப் படித்துச் சொல்வார். வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை நடக்கிற வரைக்கும் எதையும் நோண்டக்கூடாது என்பது அரசு அலுவலகத்தில் நான் கற்ற பாடம்.

தரங்கம்பாடி அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இல்லத்துப் பெண்களை ஊரை வைத்துத்தான் ஆயாக்கள் கூப்பிடுவார்கள். இவருக்கு ஐம்பது வயதிருக்கும். மீனவக் குடும்பம். புருஷன் போன பிறகு மனது கலைந்துவிட்டது. விசைப்படகில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர்தான் துணை. அவர் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். விட்டால் அக்கா அலைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார் என்பதால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்களிடம் வருவதற்கு முன் மூன்று இடம் மாறியிருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். கோபமோ அடமோ கிடையாது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். எங்களிடம் கொண்டுவந்தபோது தம்பி ஒரு கையால் தூக்கி வண்டியிலிருந்து இறக்கினார். சாப்பிட வைக்க இரண்டு மாதம் ஆனது.

"சார், இன்னொரு எடம் மாத்துனா அக்கா தாங்காது" என்று அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இங்கயே வெச்சுக்குங்க சார், கடேசி வரைக்கும்."

வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னவன் நான்தான்.

நடுவில் டெல்லியே காலாவதித் தேதியை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டிருந்ததால், டாக்டர் போன பிறகு முதல் தடவையாக அப்போதுதான் பதிவு புதுப்பிக்கிற வருடம் வந்தது. எங்கள் ஆடிட்டர் தஞ்சாவூர்க்காரர், நல்ல கெட்டிக்காரர். விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தவர், தலைவர் யார் என்ற கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் இறந்து ஆறு வருடமாகிறது என்று அவருக்குத் தெரியும். டெல்லிக்குத் தெரியாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைவர் இறந்துவிட்டதை முதலில் தெரிவித்தோம். இறப்புச் சான்று கேட்டார்கள், அனுப்பினோம். அடுத்து, இறந்த தேதியிலிருந்து இன்று வரைக்குமான கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டார்கள்.

ஆடிட்டர் நோட்டைப் புரட்டினார். நாலு பக்கம் பார்த்தவர் மூடி வைத்துவிட்டார்.

"சார், என்ன சார் இது? செத்தவரு தலைமையில இருபது கூட்டத்துக்கு மேல நடந்திருக்கு."

"மரியாதைக்கு எழுதினது" என்றேன்.

"அது மட்டும் இல்ல. உங்க பத்திரத்துல ஏழு பேர்ல அஞ்சு பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு இருக்கு. சென்னை ஆளும் பெங்களூர் ஆளும் ஒரு தடவகூட வரல. டாக்டர எடுத்துட்டா நாலு பேர்தான். ஆறு வருஷமா நீங்க கூடுனது எதுவுமே கூட்டம் இல்ல சார்."

அந்தப் பத்திரம் என் அலுவலகத்தில் பதிவானது. அந்த விதியை வரி வரியாகச் சரிபார்த்தவன் நான். தலை எண்ணும்போதெல்லாம் என்னை அறியாமலே படத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஆடிட்டரே வழியும் சொன்னார். "ஒரு புது நோட்டு வாங்குங்க. ஆறு வருஷத்தையும் ஒரே மூச்சுல எழுதிடலாம். அம்மாவ அப்பவே தலைவரா தேர்ந்தெடுத்த மாதிரி போட்டுடுங்க. சென்னை ஆளு எல்லாத்துக்கும் வந்த மாதிரி காட்டுனா அஞ்சு பேர் ஆச்சு. ஒரு வாரத்துல எல்லார் கையெழுத்தும் வாங்கிடலாம்."

"பழைய நோட்டு?"

"வாய்க்கால் பக்கத்துலதானே இல்லம் இருக்கு" என்றார்.

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுத வேண்டும் என்கிற சூட்சுமமெல்லாம் எனக்குத் தெரியும். போலிப் பத்திரங்களைப் பிடித்தே வயதானவன். முதல் இரண்டு கூட்டம் தடையில்லாமல் வந்தது. மூன்றாவது, தரங்கம்பாடி அக்காவைச் சேர்த்துக்கொண்ட கூட்டம். அன்றைக்கு ஆலை முதலாளி வேண்டாம் என்றார். ஏற்கெனவே எட்டுப் பேர், இரண்டே ஆயா, இவருக்கு ஊட்டிவிடவே ஓர் ஆள் வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. டாக்டரின் மனைவி படத்தைப் பார்த்தபடி, "அவர் இருந்தா வாசல்லயே நிக்க வெச்சிருப்பாரா?" என்றார். முதலாளியும் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, டாக்டரே சொல்லிட்டார், எழுதுங்க" என்றார். நடந்தது இது. புது நோட்டில் நான் எழுத வேண்டியது, சென்னை ஆள் நேரில் வந்து வற்புறுத்தியதன் பேரில் சேர்த்துக்கொண்டோம் என்று. அந்த மனிதர் அந்த வாரம் என் போனைக்கூட எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

பழைய நோட்டையே கொடுக்கிறேன், ஏன் அப்படி எழுதினோம் என்று பிரமாணப் பத்திரம் வைக்கிறேன் என்று ஆடிட்டரிடம் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் யார் என்ன செய்துவிடுவார்கள் என்று வீராப்பு வேறு. முப்பத்தோரு வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவன் கேட்கிற கேள்வியா அது?

"உங்க இஷ்டம் சார்" என்றார் அவர். "அந்தப் பொம்பளைங்கள ஒரு தடவ நெனச்சுப் பாத்துக்குங்க."

அப்போது அது எனக்கு எரிச்சலாக மட்டும்தான் இருந்தது.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். சாலை ஓரத்தில் காரை விட்டுவிட்டு, சேறு படிந்த வரப்பு வழியாக நடந்தே வந்தார். டீ கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார். ஒன்பது பெண்களையும் பார்த்தார். சமையலறை, மருந்து அலமாரி, ஆயாக்களின் வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார். காய்ந்துபோன பொட்டுகளில் ஒன்று அவர் விரல் பட்டு உதிர்ந்தது.

"இது என்ன சார்?"

"சந்தனம்."

"கையெழுத்துக்குப் பதிலா?"

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் மனைவியும் சொன்னார். அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்.

"சார், நான் உங்கள நம்புறேன். ஆனா நான் நம்புறேங்கறத ரிப்போர்ட்ல எழுத எடம் இல்ல. நோட்டுல இருக்கறதத்தான் எழுத முடியும்."

அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால் டீயையும் மறுத்திருப்பேன், அதே அறிக்கையையும் எழுதியிருப்பேன். என்ன, அவரைப் போல அவ்வளவு தணிந்து பேசியிருக்க மாட்டேன்.

பதிவு காலாவதியாகிற நாள் வந்தது, போனது. தினமும் காலையில் இணையதளத்தைத் திறப்பேன். "பரிசீலனையில் உள்ளது" என்று இருக்கும். டெல்லியில் கூப்பிட வேண்டிய எண்ணுக்குக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை எடுத்தவர், பரிசீலனையில் இருக்கிறது என்று எனக்கே படித்துக் காட்டினார். ஆலை முதலாளி அரிசி போட்டார். பிறந்தநாள், திருமணநாள் என்று ஊர்க்காரர்கள் வந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆயாக்களுக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான்கு மாதம் பொறுத்தார்கள். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், இன்னொருவர் அழுதுகொண்டே நின்றுகொண்டார். சமையல்காரரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்பது பேரைப் பார்க்க முடியாது என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். இரண்டு பேரை வீட்டார் கூட்டிப்போனார்கள். மற்ற ஏழு பேரையும் இடம் இருக்கிற காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்ப உத்தரவு வந்தது. தரங்கம்பாடி அக்காவுக்கு இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு பெரிய காப்பகம்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தம்பி கரையில்தான் இருந்தார். ஓடி வந்தார். "ஒரு மாசம் தள்ளிப்போட முடியாதா சார்? அதுக்குள்ள டெல்லியில வந்துடாதா?" என்றார். புது இடத்தில் அவர் முதலில் போய்க் காத்திருப்பதாகவும், நான் வண்டியில் கூட்டி வருவதாகவும் ஏற்பாடு.

வண்டி வந்து நின்றபோது அக்கா புரிந்துகொண்டுவிட்டார். பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றார். சமையல்காரர் கெஞ்சிப் பார்த்தார். டிரைவர் மணியைப் பார்த்தார். நான் போய், "தம்பி வீட்டுக்குத்தான் போறோம், கடலுக்குப் போறோம், வாங்க" என்றேன். உடனே கதவை விட்டுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி, வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெளியே வயல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டில் ஒரு பொய் எழுத மாட்டேன் என்று நின்றவன் நான். நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஐந்து மாதம் கழித்து அனுமதி வந்தது. ஒரு மின்னஞ்சல். விளக்கம் ஏற்கப்பட்டது, புதிய தலைவரை முறைப்படி தேர்ந்தெடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் பதிவு புதுப்பிக்கப்படுகிறது என்று இருந்தது. நான் மூன்று முறை படித்தேன். சென்னை ஆளையும் பெங்களூர் ஆளையும் ரயில் ஏற்றி வரவழைத்து, ஆறு பேர் உட்கார்ந்து, டாக்டரின் மனைவியைத் தலைவராக்கினோம். முதல் தடவையாக அந்த அம்மா தலைவர் இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முதல்ல போய் அந்தத் தரங்கம்பாடியக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார்.

அக்காவின் தம்பியையும் அழைத்துக்கொண்டு வண்டி பிடித்துப் போனேன். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அனுமதிக் கடிதத்தின் பிரதி என் பையில் இருந்தது. நடுவில் ஒருமுறை எடுத்து அவரிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த அதைப் பயபக்தியோடு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

காப்பகத்து மேற்பார்வையாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சேர்ந்த புதிதில் நாற்பது நாளைக்கு மேல் சாப்பிடவே இல்லை, குளுக்கோஸ் ஏற்றியே காப்பாற்றினோம் என்றார். ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை போய் வந்தாயிற்றாம். "இப்பதான் சார் ஒரு மாசமா ரெண்டு வேளை சாப்பிடுது. வாங்க, சாப்பாட்டு நேரந்தான், பாருங்க" என்று கூட்டிப்போனார்.

நீளமான கூடம். இருபது முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஓரத்தில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சாம்பார் சாதத்தைப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி, "அக்கா" என்றார். திரும்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். தட்டைத் தள்ளினார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் நான் வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தம்பியும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சார், அக்கா இங்கயே இருக்கட்டும். இன்னொரு தடவ வண்டில ஏத்த வேணாம்."

"சரி" என்றேன். "சாப்பிடுதா?"

"இல்ல சார்." கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீங்க போய் வண்டில உக்காந்துக்குங்க. நீங்க கண்ணுல படலன்னா சாப்பிடும்."

நான் போய் வண்டிக்குள் உட்கார்ந்து, கூடத்திலிருந்து என்னைப் பார்க்க முடியாதபடி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.